நிலாக்காலத்து ஒமேனா

ஹெட்மாஸ்டர் ஒக்வேனோ செத்து ஐம்பத்து மூன்று நாள் ஆகியும் அவருக்கு ஆறடி மண் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவர் பாட்டுக்குக் குளிர்ந்துபோய்க் கிடந்தார். கொதுலா ஏரிக்கரையில் உயிரோடு இருந்தவர்கள்தான் வெந்துகொண்டிருந்தார்கள். அவர் பெண்டாட்டி ம்விகாலி இந்த லுவோ சனம் இல்லை, கிழக்கே கம்பா நாட்டுக்காரி. இருவருமாகச் சேர்ந்து வாங்கிய மனையில், மிஷன் பக்கத்தில், புதைப்பேன் என்று நின்றாள். அப்பன் வீட்டு முற்றத்தை விட்டுவிட்டு வேற்று மண்ணிலா என்று ஒக்வேனோவின் குலத்தார் கொதித்தார்கள். வழக்கு ஹைகோர்ட்டு வரைக்கும் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தீர்ப்பு.

ரிஸ்பா அவுவோருக்கு இந்த வழக்கில் வாதி பிரதிவாதி எந்தப் பக்கமும் வேலை கிடையாது. ஒமேனா காயவைத்து விற்கிறவள். நெத்திலியைவிடச் சின்ன ஏரி மீன் அது, பழைய வலையை மணலில் விரித்து அதன்மேல் பரப்பினால் அரை நாளில் வெள்ளிக் கம்பியாகக் காய்ந்துவிடும். எந்தத் துறையில் எத்தனை டின் மீன் இறங்கியது, காற்று எப்படி, எந்த வள்ளம் திரும்பவில்லை என்று பேசிக்கொள்ளத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளும் டோம்டிலாவும் ஃபேஸ்புக்கில் 'கொதுலாக் கரை மக்கள்' குரூப்பைத் தொடங்கினார்கள். நாற்பது பெண்களோடு ஆரம்பித்தது பதினோராயிரம் பேராகிவிட்டது. நைரோபியில் இருப்பவன், துபாயில் கார் கழுவுகிறவன், இந்தக் கரையைக் கண்ணால் பார்க்காதவன் எல்லாம் உள்ளே. மீன் விலை கேட்க வந்தவர்கள் இப்போது ஒரு பிணத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் ஜட்ஜு வேறு ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். வழக்காளிகள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று எவனாவது எழுதினால், எழுதினவனோடு சேர்த்து அந்தக் குரூப்பை நடத்துகிறவர்களும் கோர்ட்டு அவமதிப்புக்கு உள்ளே போக வேண்டியதுதான் என்று. அன்றிலிருந்து ரிஸ்பா பார்த்து 'சரி' போட்டால்தான் எந்தப் பதிவும் வெளியே வரும் என்று பூட்டுப் போட்டுவைத்தாள். கொல்லு, கொளுத்து, ஆளை எரிக்கக் கழுத்தில் மாட்டுகிற டயர் என்ற வார்த்தைகள் வந்தால் தானாகவே தடுக்கும்படியும் செய்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை டோம்டிலாவும் அவளும் போன வாரத்து மீனை மறுபடி வெயிலில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மழை பெய்து கெடுத்துவிட்டது. வள்ளங்கள் கரையேறி ஒருக்களித்துக் கிடந்தன. ரிஸ்பா கால் பெருவிரலால் மீனைக் கிளறிவிட்டுக்கொண்டே கைபேசியைப் பார்த்தாள். ஈரக் கட்டைவிரலுக்குத் திரை மசியாது. பாவாடையில் துடைத்துத் துடைத்து அவள் பாவாடையின் வலது பக்கம் மீன் செதிளால் மினுங்கியது.

"எத்தன நிக்குதுடி சக்களத்தி?" என்றாள் டோம்டிலா. இருவரும் ஒரே குலத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், அதனால் அந்த முறையில்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"நூத்தி நாப்பது. காலைல முகம் கழுவுறதுக்குள்ள."

"படி, கேப்போம்."

"'கம்பாக்காரி வச்ச விஷத்துலதான் மாஸ்டர் செத்தார்.' அழிச்சாச்சு. 'ஜட்ஜுக்குப் பொண்டாட்டி எந்த ஊருன்னு விசாரிங்க.' அழிச்சாச்சு. 'குலத்துக்காரன் பிணத்துக்காக அலையல, பென்ஷனுக்காக அலையுறான்.' அதுவும் போச்சு. இது எனக்கு வந்திருக்கு. 'ரிஸ்பா, அந்தக் கம்பாக்காரிகிட்ட என்னத்த வாங்கித் தின்ன?'"

"அத எழுதினவன் யாரு? அவங்கம்மா என்கிட்ட மீன் வாங்குறவளா இருந்தா நாளைக்கே டின்னுல மணலக் கலந்து குடுக்கிறேன்."

"எல்டோரெட்டுல இருக்கான். ஒன் மணலு அங்க வரைக்கும் போவாது."

உள்ளதைச் சொன்னால் ரிஸ்பாவும் குலத்தார் கட்சிதான். ஒரு மனுஷன் அவன் அப்பன் முற்றத்தில் கிடப்பதுதான் முறை என்று அவளும் நினைத்தாள். அதை ஒருநாளும் குரூப்பில் எழுதியதில்லை. இரண்டு பக்கமும் சமமாக அழித்தாள், இரண்டு பக்கமும் சமமாகத் திட்டு வாங்கினாள்.

மத்தியானம் அவள் புருஷன் ஒத்வோமா உகாலிக் களித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ராத்திரி விளக்கு வைத்து ஒமேனா பிடிக்கிற வள்ளத்துக்குத் தலைவன் அவன். நாலு நாளாக வேலையில்லாமல் வீட்டில் கிடப்பதில் அவனுக்கு நாக்கில் முள் முளைத்திருந்தது. உகாலியைப் பிசைந்தான், கீரையைத் தொட்டான், வாயில் வைக்கவில்லை.

"நான் எழுதுனத அழிச்சிட்ட."

"அழிச்சேன்."

"கட்டின புருஷன் எழுதினத."

"ஹேரா அப்பா, அதுல அவ வாடகைக்கு இருக்கிற வீட்ட எழுதியிருந்தீங்க. பச்சக் கதவு, மூணாவது ரூமுன்னு. அதப் போட்டா நாளைக்கு ஜட்ஜு முன்னால நான் நிக்கணும். ஹேராவ யாரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவா?"

"ஊருக்கே தெரிஞ்ச வீடுதானே."

"ஊருக்குத் தெரியும். குரூப்புல இருக்கிறவன் பாதி ஊரே இல்ல. அவளுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு அந்த ரூம்புல."

ஒத்வோமா தட்டைத் தள்ளி வைத்தான். "செத்தவன் என் பெரியப்பா மவன், ஹேராம்மா. எனக்கு வலை பின்னக் கத்துக்குடுத்தவன். அவன் வேத்து மண்ணுல கிடந்தா, என்னைய ஏன்டா விட்டுட்டன்னு வந்து நிக்கப்போறது என் கனவுல, ஜட்ஜு கனவுல இல்ல. அவ நாளைக்கி மட்டும் கோர்ட்டுக்குப் போவாம இருந்தா, உடம்ப வாங்கக் கையெழுத்துப் போட ஆளில்லாமப் போவும். அப்புறம் யாரு குடுப்பா? நாமதான வாங்கணும்."

"அவ எதுக்குப் போவாம இருக்கப்போறா?"

அவன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அவன் சொன்ன கடைசி வார்த்தையை அவள் அப்போதே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கைபேசி கிர்ரென்று அதிர்ந்துகொண்டே இருந்தது, இன்னும் தொண்ணூறு பதிவு நின்றது. வசவு, சாபம், வசவு, நடுவில் ஒரு மீன் பதிவு. மீன் பதிவு வந்தால் அவளுக்கு அப்பாடா என்றிருக்கும். இதற்காகத்தானே ஆரம்பித்தோம் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு இளகும், கட்டைவிரல் தானாக 'சரி' போட்டுவிடும். 'நாளை காலை ஆறு மணி, மிஷன் துறையில் ஒமேனா இறங்குது. நாற்பது டின். அவங்கவங்க டின்னு அவங்கவங்க கொண்டு வரணும்.' வலையில் பரப்பிய மீன் படம் ஒன்று. 'சரி' போட்டாள். அடுத்ததற்குப் போனாள்.

சாயங்காலம் மீனை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தபோது கிழக்கு மேட்டுக்கு மேல் நிலா கிளம்பியது. முழு நிலா, மஞ்சளாக, கண்ணைப் பறிக்கிறது. ரிஸ்பா இடுப்பில் கை வைத்து அதை முறைத்தாள். சனியன், இன்னும் நாலு நாள் வள்ளம் இறங்காது என்று வாய்விட்டே சொன்னாள்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஒமேனா இருட்டில் விளக்கைத் தேடி வருகிற மீன். நிலா காய்கிற வாரத்தில் விளக்கை எவன் மதிப்பான்? ஏரி முழுக்க வெளிச்சம் இருக்கையில் மீன் எங்கெங்கோ கலைந்து கிடக்கும். அதனால்தான் வள்ளங்கள் கரையில் கிடக்கின்றன, அதனால்தான் புருஷன் வீட்டில் உட்கார்ந்து உகாலியைப் பிசைகிறான். அப்படியிருக்க மிஷன் துறையில் நாற்பது டின் எங்கிருந்து இறங்கும்?

கைபேசியை எடுத்தாள். ஈர விரல் திரையில் வழுக்கியது. அந்தப் பதிவுக்குக் கீழே அறுபத்தெட்டு பேர் எழுதியிருந்தார்கள். 'வரேன்.' 'ரெண்டு டின் கொண்டு வரேன்.' 'என் தம்பியும் வரான்.' 'நேரத்தோட வாங்க, ஏழு மணிக்கு வண்டி.' ஒமேனா வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் பெண்கள். இங்கே ஒரு பெண் பெயர்கூட இல்லை, எல்லாம் ஆண்கள். மிஷன் துறையிலிருந்து மேடேறினால் முதல் வரிசை வீடு, மூன்றாவது ரூம், பச்சைக் கதவு. ஏழு மணி வண்டி கோர்ட்டு ஊருக்குப் போகிற வண்டி.

கொல்லு என்ற வார்த்தைக்கும் கொளுத்து என்ற வார்த்தைக்கும் பூட்டுப் போட்டாள். ஒமேனாவுக்கு எப்படிப் பூட்டுப் போடுவாள்? அவள் கையாலேயே கதவைத் திறந்து விட்டிருக்கிறாள்.

எழுதியவன் பெயர் 'மிஷன் மீன்' என்றிருந்தது. அன்றைக்குத்தான் தொடங்கிய கணக்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மீனுக்கு அடியில் வலையின் ஓரத்தில் ஒரு ஒட்டு தெரிந்தது. மஞ்சள் கொசுவலைத் துண்டு, சிவப்பு நூல் தையல். அந்தத் தையல் அவள் போட்டது. ஹேராவின் பழைய கொசுவலை. இந்தக் கரையில் மஞ்சள் கொசுவலை ஒட்டுப் போட்ட வலை ஒன்றே ஒன்றுதான், இப்போது அதன்மேல்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். அந்த வலையைப் படம் எடுத்தவனும் ஒருவன்தான்.

ரிஸ்பா மணலில் உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு வருஷம் ஒரு பாயில் படுத்தவன். அவளுக்கு ஆத்திரம் வந்தது, அழுகை வந்தது, எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை.

பதிவை அழித்தாள். அழித்து என்ன? அறுபத்தெட்டு பேர் படித்தாயிற்று. போலீஸ் போஸ்ட்டுக்கு மூன்று தடவை போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு டோம்டிலா வீட்டுக்கு ஓடினாள்.

டோம்டிலா முழுசையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் அடுப்பில் இருந்த டீயை இறக்கி வைத்தாள். "யாரு எழுதினதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

டோம்டிலா அவள் முகத்தைப் பார்த்தாள். "ம்விகாலிய இப்பவே கூட்டிட்டு வந்து உன் வீட்டுல வச்சுக்குவோமா?"

"என் வீட்டுலயா?" ரிஸ்பாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "வேண்டாம். எங்க கொண்டுபோய் வச்சாலும் தேடிக்கிட்டு வருவானுங்க. மீன் இருக்குன்னுதானே குரூப்புல போட்டிருக்கு? நான்தானே 'சரி' போட்டேன்? அப்ப மீன் வாங்கப் போவோம்."

"மீனே இல்லையேடி."

"அதத்தான் போய்க் கேப்போம். யார் யாருக்கெல்லாம் போன் இருக்கோ அவளுக்கெல்லாம் சொல்லு. பேசின் எடுத்துக்கிட்டு அஞ்சு மணிக்கு."

அன்றைக்கு ஒத்வோமா வீட்டுக்கு வரவில்லை. வள்ளத்தைப் பழுது பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினான். ரிஸ்பா மகளை டோம்டிலாவின் மாமியாரிடம் விட்டுவிட்டு விடியுமுன் கிளம்பினாள்.

நாற்பத்தொரு பெண்கள் வந்தார்கள். அலுமினியப் பேசின், பிளாஸ்டிக் பேசின், ஒருத்தி குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டியையே தூக்கி வந்திருந்தாள். பச்சைக் கதவுக்கு முன்னால் வரிசையாகப் பேசினைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். குளிருக்குத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு டோம்டிலா முணுமுணுத்தாள். "மீனில்லாத மீன் வியாபாரத்துக்கு இப்பத்தான் மொத மொத வரேன்."

கதவு விரலளவு திறந்தது. ம்விகாலி கோர்ட்டுக்குப் போகிற கறுப்பு உடையில் நின்றாள். கையில் உகாலி கிண்டுகிற கட்டை.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"மீன் வாங்க" என்றாள் ரிஸ்பா.

"இங்க என்ன மீனு? நீ ஒத்வோமா பொண்டாட்டிதானே? நீ அவங்க ஆளு."

"ஆமாக்கா, அவங்க ஆளுதான். மாஸ்டர் அவங்கப்பா வீட்டுலதான் கிடக்கணும்னுதான் நானும் நினைக்கிறேன். அத ஜட்ஜு சொல்லட்டும். நீங்க புள்ளைங்களுக்கு டீயக் குடுத்துக் கிளப்புங்க, ஏழு மணி வண்டில ஏத்திவிடுறோம்."

ம்விகாலி அவளை நம்பினாளா என்று தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ஆறு மணிக்கு ஆண்கள் வந்தார்கள். முப்பது பேர் இருக்கும். துறையிலிருந்து மேடேறி வந்த வேகம், வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்களைக் கண்டதும் தடுமாறியது. கையில் டின், கேன், ஒருவன் கையில் கடப்பாரை. டோம்டிலாதான் வாயைத் திறந்தாள்.

"வாங்கய்யா வாங்க. டின்னு என்ன வெல? ஏரிலேர்ந்து வந்தவுங்க காலு ஏன் காஞ்சிருக்கு?"

"வழிய விடுங்க. இது ஆம்பளைங்க விஷயம்" என்று முன்னால் நின்றவன் கத்தினான்.

"ஒமேனா எப்படா ஆம்பள விஷயமாச்சு, ஒபாலா?" என்றாள் டோம்டிலா. "உங்கம்மா தலைல சுமந்து வித்துத்தான் ஒனக்குக் கால்சட்ட தச்சா. அந்தா உக்காந்திருக்கா பாரு, மூணாவது பேசின்ல. அவகிட்டச் சொல்லு ஆம்பள விஷயம்னு."

மூன்றாவது பேசினில் இருந்த பெண் எழுந்து நின்றாள். ஒபாலா கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பின்னாலிருந்து எவனோ ஒரு கல்லை விட்டான். கல் ஒரு பேசினில் பட்டு டங்கென்றது. பெண்கள் மொத்தமும் எழுந்துவிட்டார்கள். இன்னொரு கல் வந்தால் முடிந்தது, யாராலும் எதையும் நிறுத்த முடியாது.

கூட்டத்தின் நடுவில் ரிஸ்பா தன் புருஷனைப் பார்த்தாள். தலையைக் குனிந்து தொப்பியை இழுத்துவிட்டிருந்தான். அவள் நேரே நடந்து போனாள். அவள் வர வர ஆட்கள் விலகினார்கள், என்ன நினைத்து விலகினார்களோ. அவன் முன்னால் நின்றாள். மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

"ஹேரா அப்பா, கையில என்ன?"

ஒத்வோமா டின்னைக் கை மாற்றினான். "விளக்குக்கு எண்ணெ."

"எந்த விளக்குக்கு?"

"வள்ளத்து விளக்குக்குத்தான்."

ரிஸ்பா கையை நீட்டி மேற்கே காட்டினாள். ஏரிக்கு மேல் நிலா இன்னும் மறையவில்லை, வெளுத்துப் போய்ப் பெரிசாக நின்றது. முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் மீன்காரர்கள். நிலாக்காலத்தில் விளக்குக்கு எண்ணெய் சுமக்கிறவனை அவர்கள் யாரும் கண்டதில்லை, இப்போது ஒவ்வொருவன் கையிலும் அது இருந்தது. பெண்கள் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பயத்தில் வந்த சிரிப்புத்தான், ஆனால் அது பக்கத்துப் பேசினுக்குத் தொற்றியது, அடுத்த பேசினுக்குத் தாவியது. அடிக்க வந்தவனை அழ வைத்தால்கூடத் தாங்குவான். அம்மாவும் அண்ணியும் சிரித்தால் எங்கே போய் நிற்பான்?

"பயமுறுத்தத்தான் வந்தோம்" என்றான் ஒத்வோமா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "சத்தியமா, பயமுறுத்தத்தான்."

"குடுங்க அத."

"ஹேராம்மா..."

"குடுங்க. இருட்டு வரட்டும், தரேன்."

அவன் டின்னைக் கொடுத்தான். அவள் அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மண்ணெண்ணெய் தளும்பிக் கழுத்தில் வழிந்தது. ஒவ்வொருத்தியும் போய் அவளவள் மகன் கையிலிருந்து, கொழுந்தன் கையிலிருந்து டின்னை வாங்கிக்கொண்டாள். ஒன்றிரண்டு பேர் கொடுக்காமல் மேட்டிலிருந்து இறங்கி ஓடினார்கள். ஏழு மணி வண்டிக்கு ம்விகாலியையும் பிள்ளைகளையும் பெண்கள் எல்லாரும் நடுவில் வைத்து நடத்திக்கொண்டு போனார்கள். வண்டியில் ஏறும்வரை ம்விகாலி அந்தக் கட்டையைக் கீழே போடவில்லை.

ஜட்ஜு, குலத்தார் பக்கம் தீர்ப்பு எழுதினார். உடம்பு அப்பன் வீட்டு முற்றத்துக்குப் போகலாம், முதல் பிடி மண் ம்விகாலி கையால் விழ வேண்டும், அதற்கு ஒருவரும் குறுக்கே நிற்கக் கூடாது என்றார். நியாயம் கோர்ட்டிலேயே அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. இதற்கா புருஷன் விடியக்காலையில் எண்ணெய் தூக்கிக்கொண்டு போனான் என்று ரிஸ்பா நினைத்து நினைத்து மாய்ந்தாள். அடக்கத்தன்று ம்விகாலி மண் போட்டபோது ஒத்வோமா குழிக்கு அந்தப் பக்கம் நின்று, பெட்டியை இறக்கிய கயிற்றைப் பிடித்திருந்தான். கண்ணைத் தூக்கவில்லை. குரூப்பில் இப்போது கம்பாக்காரர்கள் வந்து வசவை ஆரம்பித்தார்கள். ரிஸ்பா அதையும் அழித்தாள்.

வீட்டில் அவள் அவனுக்கு உகாலி கிண்டி வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. டின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. படுத்தால் வாடை வந்தது.

நிலா தேய்ந்து இருட்டு வந்தது. வள்ளங்கள் இறங்கத் தொடங்கின. அன்று சாயங்காலம் ஒத்வோமா விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். பக்கத்துக் கடையில் எண்ணெய் கிடைக்கும். அவன் கடைக்குப் போகவில்லை.

"ஹேராம்மா. அந்த எண்ணெ..."

"தரேன்னு சொன்னேன், தரேன். அதுக்கு முன்னால ஒண்ணு எழுதுங்க. உங்க சொந்தப் பேருல."

"பதினோராயிரம் பேரு முன்னாலயா?"

"மீன் இருக்குன்னு அவங்ககிட்டத்தானே சொன்னீங்க?"

அவன் ஏரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு கைபேசியை எடுத்து ஒற்றை விரலால் எழுதினான். எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். உள்ளே ரிஸ்பாவின் கைபேசி அதிர்ந்தது. கட்டைவிரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

'நான் ஒத்வோமா. அன்னிக்கு மிஷன் துறையில ஒமேனா இறங்கல. இறங்குதுன்னு எழுதினவன் நான்தான். அந்த வீட்டுக்குள்ள ரெண்டு பிள்ளைங்க இருந்ததும் எனக்குத் தெரியும்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். கடைசி வரி வந்தபோது இரண்டு தடவையும் கண் மங்கியது. 'சரி' போட்டாள்.

வசவு உடனே வந்தது. நாயே என்றும் பேயே என்றும் கம்பா மொழியில், லுவோவில், ஸ்வாஹிலியில். குரூப்பு விதிப்படி எல்லாம் அழிக்க வேண்டியவைதான். ரிஸ்பா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியைப் பார்த்தாள். அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். அவன் கடைசி வசவு வரை படித்து நிமிர்கிறவரைக்கும் காத்திருந்தாள். பிறகு வசவு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து டின்னை இழுத்தாள்.